எமன் மறையும் கணம்: இசை நாடக மேடையில் மாயக் காட்சிகளும் பாட்டும்

பேராக் மாநிலத்தின் மேற்குக் கரையில், லுமுட் துறைமுகத்திற்கு அண்மையில் அமைந்துள்ள சித்தியவான் என்னும் ஊர்ப்பெயருக்கு 'செத்தியா காவான்' என்னும் மலாய்த் தொடரை மூலமாகக் காட்டுவது வழக்கம். உற்ற நண்பர் என்பது அதன் பொருள். 'செத்தியா' என்னும் சொல்லோ 'சத்திய' என்னும் வடசொல்லின் வழிவந்தது. பெயர் வரலாறு எவ்வாறாயினும், தமிழ்ச் செவிக்கு இவ்வூர்ப்பெயர் சாவித்திரியின் கணவனையே நினைவூட்டும். இவ்வொலி ஒற்றுமையை ஆய்வு முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இக்கட்டுரைக்கு அது நல்லதொரு வாயிலாக அமைகின்றது. 'சத்தியவான் சாவித்திரி' மலேசியத் தமிழரிடையே 'அரிச்சந்திரா', 'பவளக்கொடி', 'வள்ளி திருமணம்' ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் இசை நாடகமாகும்.

இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், அந்நாடகத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றும் எண்ணத்துடன் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். "பாட்டு அச்சில் இருக்கிறது, தர்க்கம் இருக்கிறது, எமன் எப்படி வந்தான், எப்படி மறைந்தான் என்பது எங்கும் இல்லையே, ஐயா?" என்பதே அவ்வினா. எளிய வினாவாகத் தோன்றினும், தமிழ் நாடக ஆய்வின் ஒரு பெருங்குறையை அது சுட்டுகின்றது. நாம் நாடகத்தைப் பனுவலாகப் படிக்கின்றோம். பாடலின் சந்தத்தையும் மெட்டையும் ஆராய்கின்றோம். கயிற்றைப் பிடித்திருந்தவனைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. மேடை மாயம் என்பது மலிவான வேடிக்கை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம் எனலாம்.

இசை நாடகத்தில் மாயக் காட்சி எவ்வாறு நிகழ்த்தப்படுகின்றது என்பதைச் சாவித்திரிக் கதையின் எமனை முன்னிறுத்தி இங்கு விளக்க முற்படுகின்றோம். பாட்டு ஒருபுறமும் மாயம் ஒருபுறமுமாக இயங்குவதில்லை. மாயத்தைத் தாங்கி நிற்பதே பாட்டுதான் என்பது நமது கருத்து.

கதை மேடையிடம் கேட்பவை

மகாபாரதத்தின் வன பருவத்தில் மார்க்கண்டேய முனிவர் தருமனுக்குக் கூறும் கதையே சாவித்திரியின் கதை. காட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்த சத்தியவான் தலைநோவுற்று மனைவியின் மடியில் தலை சாய்க்கின்றான். செவ்வாடை உடுத்துக் கையில் பாசக்கயிற்றுடன் எமன் நிற்பதைச் சாவித்திரி காண்கின்றாள். சத்தியவானின் உடலிலிருந்து கட்டைவிரல் அளவினனான ஒரு புருடனை எமன் கயிற்றால் கட்டி இழுத்துத் தென்திசை நோக்கி நடக்கின்றான். அவள் பின்தொடர்கின்றாள்.

படிக்கும்போது இயல்பாகத் தோன்றும் இக்காட்சி மேடைக்கு வரும்போது கடுஞ்சிக்கலாகின்றது. யாருமற்ற காட்டில் ஒருவன் திடீரென நிற்க வேண்டும். கட்டைவிரல் அளவு உருவம் முதல் வரிசையில் இருப்பவர்க்கே தெரியாது. சத்தியவான் மடியில் பிணமாகக் கிடக்க, அவன் உயிர் எமனோடு போவதையும் காட்ட வேண்டும். ஒரே நடிகன் ஈரிடத்தில் இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, எமன் பாட வேண்டும். சாவித்திரியும் எமனும் பாட்டாலும் உரையாலும் மோதிக்கொள்ளும் தர்க்கமே இந்நாடகத்தின் உயிர்நிலை. தோன்றியவுடன் மறைந்துவிடும் பேயாக எமனைக் காட்டினால் போதாது. நின்று, வாய்திறந்து, கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடும் உருவமாக அவன் இருத்தல் வேண்டும்.

கரந்துவரல் எழினி

மேடை மாயம் மேனாட்டார் தந்தது என்னும் கருத்து ஓரளவே உண்மை. சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறும் அரங்கின் அளவுகளை நம் ஆசிரியர் அனைவரும் அறிவர். இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் ஏழுகோல் அகலம், எட்டுகோல் நீளம், ஒருகோல் உயரம். தளத்திற்கும் மேலுள்ள உத்தரத்திற்கும் இடையே நான்கு கோல். தேர்வில் இவ்வளவுகளைக் கேட்டு மதிப்பெண் வழங்குவதோடு நாம் நின்றுவிடுகின்றோம். இவற்றை அடுத்து இளங்கோவடிகள் கூறும் இரு செய்திகளே நம் பொருளுக்கு முதன்மையானவை.

ஒன்று, விளக்கு. தூண்களின் நிழல் அரங்கிலும் அவையிலும் விழாது புறத்தே செல்லுமாறு விளக்கை நிறுத்த வேண்டும் என்கின்றது காப்பியம். விளக்கு இருந்தால் போதும் என்று கூறாமல், நிழல் எங்கே விழும் என்பதைக் கணக்கிட்டிருப்பது கருதத்தக்கது. மற்றொன்று திரை. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் சுட்டப்படுகின்றன. முதலது ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படுவது. இரண்டாவது இருபுறமிருந்தும் வந்து பொருந்துவது. மூன்றாவது மேலே கட்டப்பட்டு மறைந்திருந்து வருவது. வானில் இயங்குவோராகத் தோன்றுவார்க்கு உரியது இம்மூன்றாம் திரை என அடியார்க்கு நல்லார் உரை விளக்குகின்றது. தேவரும் கந்தருவரும் மேலிருந்து தோன்றுதற்கென ஒரு தனித்திரையை உரையாசிரியர் எண்ணிப் பார்த்திருக்கின்றார். திரை, விளக்கு, நிழல் ஆகிய மூன்றும் இன்றளவும் மேடை மாயத்தின் அடிப்படைக் கருவிகளாகவே உள்ளன.

பார்சி நாடகமும் பங்சாவானும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் குழுக்கள் வண்ணப் படுதாக்களையும் தந்திரக் காட்சிகளையும் இந்தியாவெங்கும் பரப்பின. அவை கடல் கடந்து பினாங்கையும் அடைந்தன. அங்கு அவற்றைக் கண்டு எழுந்ததே 'பங்சாவான்' எனப்படும் மலாய் இசை நாடகம். 1885-ஆம் ஆண்டில் மாமாக் புஷி என்பவர் பினாங்கில் தொடங்கிய குழுவே பங்சாவான் வரலாற்றில் முன்னோடியாகக் குறிக்கப்படுகின்றது. அரண்மனை, தெரு, பூங்கா, காடு என வகைப்படுத்திய தொங்கு திரைகளைக் கொண்டு எக்கதையையும் நடத்தும் முறை அதற்கு உரியது. அதே மரபு தமிழகத்தில் சி. கன்னையாவின் ஸ்ரீ கிருஷ்ண வினோத சபையிலும், பின்னர் நவாப் டி. எஸ். இராஜமாணிக்கத்தின் தேவி பால வினோத சங்கீத சபையிலும் 'தசாவதாரம்' போன்ற பெருங்காட்சி நாடகங்களாக வளர்ந்தது. ஆகவே மலாயாவில் ஒரு தமிழன் கண்ட பங்சாவான் திரையும், அவன் ஊரில் விட்டுவந்த நாடகக் கொட்டகையின் திரையும் உறவுடையவை. இவ்வுறவை நம் ஒப்பாய்வாளர் இன்னும் போதிய அளவு தொடரவில்லை.

வலைத்துணியும் கருந்துணியும்

எமனைக் காட்டில் தோற்றுவிக்க எளிய, சிக்கனமான வழி வலைத்துணித் திரையாகும். கொசுவலை போன்ற நுண்கண் துணியில் காட்டுக் காட்சியை மெலிதாகத் தீட்டித் தொங்கவிடுவர். முன்புறத்திலிருந்து, பக்கவாட்டில் சாய்வாக, ஒளி பாயும்போது நூலிழைகள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. கண்களினிடையே உள்ள இருள் தோன்றுவதில்லை. பார்ப்பவர்க்கு அது சுவர்போன்ற ஓவியத்திரை. முன்னொளியை நீக்கிப் பின்னால் நிற்பவர்மீது மட்டும் ஒளியைப் பாய்ச்சினால், இழைகள் இருண்டு காணாமற்போக, பின்னிருப்பவர் தெளிவாகத் தெரிவார். மரங்களின் நடுவே எமன் வந்து நின்றதாகவே தோன்றும். உண்மையில் அவன் காட்சி தொடங்கியது முதல் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். வலைத்துணி ஒலியைத் தடுப்பதில்லை என்பதையும் இங்கு மனத்திற் கொள்ள வேண்டும். அதன் பின்னிருந்தே எமன் பாடத் தொடங்கலாம்.

இதில் பிழை நேர்வது பெரும்பாலும் பின்னணியால்தான். எமனுக்குப் பின்னே வெண்சுவரோ வெளிர்நிறத் திரையோ இருந்தால், முன்னொளியின் சிதறலே அதில் பட்டு அவனை நிழலுருவாகக் காட்டிக்கொடுத்துவிடும். பின்புறம் முழுவதும் கருந்துணி வேண்டும். பருத்திக் கருந்துணியைவிட மென்மயிர் கொண்ட வெல்வெட்டு வகையே சிறந்தது. ஒளியை அது விழுங்கிவிடும்.

கருந்துணியின் ஆற்றலை மட்டுமே கொண்டு ஒரு தனிக்கலையும் பிறந்தது. 1880-களில் செருமானிய நடிகர் மாக்ஸ் ஔசிங்கர், கரும்பின்னணியில் கருந்துணி போர்த்தவரைக் கண் அறியாது என்பதைத் தம் காட்சிகளின் அடிப்படையாக்கினார். பார்வையாளர் பக்கம் நோக்கிய விளக்குகள் சிறிதே கண்ணைக் கூசச்செய்ய, கருந்துணிக்காரர் தூக்கும் பொருள் தானே மிதப்பதாகத் தோன்றும். பாசக்கயிறு எமன் கையிலிருந்து தானாக நீண்டு சத்தியவான் கழுத்தில் விழுவதைக் காட்ட இதனினும் எளிய வழி இல்லை. கருப்புடை அணிந்த ஒரு மாணவனும் வெண்கயிறும் இருந்தால் போதும்.

மறைதலுக்கு உதவுவது நெருப்பொளி. தெருக்கூத்தில் உக்கிர வேடங்கள் வரும்போது தீப்பந்தத்தின்மீது குங்கிலியப் பொடியை வீசுவர். நுண்பொடி காற்றில் பரவி ஒருங்கே எரிவதால் பெருஞ்சுடர் எழுந்து அடங்கும். அச்சமூட்டுவது இதன் ஒரு பயன். மற்றொரு பயன் கண்ணின் இயல்பைச் சார்ந்தது. இருளுக்குப் பழகிய கண் திடீர் ஒளியைச் சந்தித்தால் மீண்டும் இருளில் காணும் திறனை உடனே பெறுவதில்லை. முழுமையாகப் பெற அரைமணி நேரம்வரை ஆகும். சுடர் அடங்கிய பின் வரும் சில நொடிகள் அவையோர் அனைவரும் அரைக்குருடர். எமன் சுடரில் மறைவதில்லை. சுடருக்குப் பின்வரும் அந்நொடிகளில், கரும்போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டடி பின்னே நகர்கின்றான். அவ்வளவுதான்.

ஒரே நடிகன் ஈரிடத்தில் இருக்கும் சிக்கலை இரட்டையர் தீர்க்கின்றனர். சாவித்திரி கணவன்மீது மேலாடையை விரித்து அழும்போது, அத்துணியின் மறைவில் நடிகன் தளத்தின் பொறிக்கதவு வழியே இறங்க, துணியின்கீழ் வைக்கோற் பொம்மையோ வேறொருவனோ கிடப்பான். இறங்கியவன் எமன் பின்னே வெண்ணாடையில் உயிராக வருவான். 1986-இல் இலண்டனில் அரங்கேறிய 'பேண்டம் ஆஃப் தி ஆபரா' இசை நாடகத்திலும் இதே உத்தியைக் காண்கின்றோம். நாயகனும் நாயகியும் நிலவறைக்கு இறங்கும் காட்சியில் உயரப் பாலத்தில் நடப்போர் அவர்களைப்போல் உடுத்த வேற்று நடிகர். உண்மையானவர் அதற்குள் படகுக் காட்சிக்கு ஆயத்தமாகிவிடுவர். பல இலட்சம் பவுண்டுச் செலவில் அமைந்த மேடைக்கும் வைக்கோற் பொம்மைக்கும் கோட்பாட்டளவில் வேறுபாடில்லை.

பாடும் எமனுக்குக் கண்ணாடி உதவாது

மேடைப் பேய் என்றவுடன் அறிவியல் ஆசிரியர்கள் குறிப்பிடுவது பெப்பரின் பேய். என்றி டர்க்ஸ் என்பவரின் கருத்தை ஜான் என்றி பெப்பர் திருத்தி, 1862-ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்த்திக் காட்டியது அது. மேடைக்கு முன்பாகப் பெருங்கண்ணாடித் தகடொன்றைச் சாய்த்து நிறுத்தி, அவையோர்க்குத் தெரியாத பள்ளத்தில் நிற்கும் நடிகன்மீது கடும் ஒளி பாய்ச்சினால், அவன் எதிருரு மேடையில் நிற்பதுபோல் தோன்றும். கண்ணாடிக்கு முன்னே அவன் எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவு பின்னே அவ்வுருவம் அமையும். ஒளியைக் குறைத்தால் கரையும். வாள் ஊடுருவிப் போகும். எமனுக்கு இதைவிடச் சிறந்த வழி உண்டோ என எண்ணத் தோன்றும்.

ஆனால் கண்ணாடி ஒலியைத் தடுக்கும். அதன் பின்னே மேடையிலிருப்பவர் குரல் அவைக்கு மங்கியே வரும்; பள்ளத்தில் இருப்பவன் குரலோ பள்ளத்திலிருந்தே வரும். உருவம் ஓரிடத்திலும் குரல் ஓரிடத்திலும் என்றால் மாயம் கலைந்துவிடும். ஆகவே இப்பேய் பெரும்பாலும் ஊமைப்பேயாகவே இருக்க நேர்ந்தது. ஒலிபெருக்கி வாரா முன்னர் தொண்டையாலேயே ஆயிரம் பேரை எட்டிய இசை நாடகத்திற்கு இது ஒவ்வாது. கண்ணை ஏமாற்றச் செவியை இழப்பதைப் பாடும் அரங்கம் ஏற்காது.

மேனாட்டு இசை நாடகமும் இதே நெருக்கடியைச் சந்தித்ததுண்டு. 2003-இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'விக்கெட்' நாடகத்தின் முற்பகுதி, பச்சைநிறச் சூனியக்காரி வானில் எழுந்து பாடும் காட்சியோடு முடிகின்றது. அவளைக் கம்பியில் தொங்கவிடுவதில்லை. அவள் நிற்கும் தூக்குமேடையை நீண்டு விரிந்த கருப்புப் பாவாடையும் பின்னிருந்து பாயும் ஒளிக்கற்றைகளும் மறைக்கின்றன. காலூன்றி நின்று பாடுவதால் மூச்சு தடைப்படுவதில்லை. பாட்டின் உச்சத்தை முன்வைத்தே அங்கு பொறி அமைந்தது என நாம் கருதுகின்றோம்.

பபூன் வந்து நிற்கும் நேரம்

பாட்டு மாயத்திற்கு வேறொரு வகையிலும் துணைபுரிகின்றது. திரைக்குப் பின்னே கயிறு பிடித்து நிற்பவனுக்கு நடிகன் தெரிவதில்லை; பாட்டு கேட்கும். எந்த அடியில், எந்தத் தாள முடிப்பில் இழுக்க வேண்டும் என்பதை அவன் செவி அறியும். மிருதங்கத்தின் தீர்மானம் மூன்றாம் முறை வரும்போது ஒளி மறைய வேண்டும் என்று பழகிவிட்டால், கையசைக்கவோ குரல் கொடுக்கவோ ஒருவரும் வேண்டியதில்லை. இன்றைய பெருநகர இசை அரங்குகளிலும் மேடை நிருவாகி இசைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டே ஒளிக்கும் திரைக்கும் ஆணையிடுகின்றார். இசை நடத்துநரின் கை அவர் முன்னுள்ள சிறுதிரையில் தெரியும். கப்பி கிறீச்சிடும் ஓசையையும் பலகை நகரும் ஓசையையும் மத்தளமும் இடித்தகடும் விழுங்கிவிடும். மெல்லிய தகரத் தகட்டைத் தொங்கவிட்டு உலுக்கினால் இடி முழங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அது இடிக்காக மட்டுமன்று, கப்பிக்காகவும் முழங்குகின்றது என்பதே கவனிக்கத்தக்கது.

இவ்விடத்தில் பபூன் காட்சியைப் பற்றிப் பேசியாக வேண்டும். அரண்மனை முடிந்து காடு வருமுன் நடுத்திரை விழும். அதன் முன்னே பபூன் வந்து ஆடிப் பாடிக் கேலி பேசுவான். நாடக நூல்களைப் பாடமாக்குவோர் இப்பகுதியைக் கொச்சையென்றும் கதைக்குத் தொடர்பற்றதென்றும் நீக்கிவிடுகின்றனர். கொச்சை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவன் கால்மணி நேரம் நின்று பேசுவது, திரைக்குப் பின்னே காட்டை நட்டு, வலைத்துணி கட்டி, எமனை இருளில் நிறுத்துவதற்காக. பங்சாவானில் காட்சிகளுக்கிடையே வந்த ஆடல் பாடல் துணுக்குகளும் இப்பணியையே செய்தன. ஆங்கில நாடக அரங்கில், மரவேலை செய்வோர்க்கு நேரம் தருவதற்கென்றே முன்திரைக்கு முன் எழுதப்பட்ட காட்சிகளைத் 'தச்சர் காட்சி' என்பர். பபூனை நீக்கிய பதிப்பைக் கொண்டு மேடையேற்றும் ஆசிரியர், திரை விழுந்ததும் அவையோர் சலசலப்பதைக் கண்டு திகைப்பது நாம் பலமுறை கண்டது. அவர் நீக்கியது நகைச்சுவையை அன்று, நேரத்தை.

சங்கரதாஸ் சுவாமிகளின் எமன்

இதுவரை கூறியவை யாவும் கருவி சார்ந்தவை. கருவியில்லாத மாயமும் உண்டு என்பதற்குத் தமிழ் நாடக வரலாறே சான்று தருகின்றது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாடக ஆசிரியராகப் புகழ்பெறுமுன் நடிகராயிருந்தவர். எமன், சனீசுவரன் போன்ற கொடிய வேடங்களே அவருக்கு உரியவை. 'சாவித்திரி' நாடகத்தில் அவர் எமனாக ஆர்ப்பரித்து வந்தபோது அவையிலிருந்த கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சிக் கருக்கலைந்தாள் என்றும், 'நளதமயந்தி'யில் சனீசுவரனாக நடித்த வேடத்தைக் கலைக்க விடியலில் நீர்நிலைக்குச் சென்றபோது எதிர்ப்பட்ட பெண்ணொருத்தி அதிர்ச்சியில் உயிர்நீத்தாள் என்றும், அதன்பின் அவர் வேடமிடுவதை விடுத்து ஆசிரியராக மட்டும் இருந்தார் என்றும் நாடக வரலாற்று நூல்கள் தொடர்ந்து கூறுகின்றன. செவிவழிச் செய்திகள் வளர்வது இயல்பு. ஆயினும் அக்காலத்தார் எதை நம்பினர் என்பதை இவை காட்டுகின்றன. குரலும் முகப்பூச்சும் எண்ணெய் விளக்கொளியும் மட்டுமே அங்கிருந்தன. கண்ணும் செவியும் ஒரே நொடியில் ஒன்றை நம்பும்போது வலைத்துணிகூட வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் தந்திரக் காட்சிகளுக்குப் பெயர்பெற்றவர் ஆர். எஸ். மனோகர் (1925–2006). 'இலங்கேசுவரன்', 'சூரபத்மன்' முதலிய அவர் நாடகங்களைக் காணச் சென்றவருள் பலர் தந்திரத்தைக் காணவே சென்றனர். கதையைத் தந்திரம் விழுங்கிவிட்டது என்று அறிஞர் சிலர் குறைகூறினர். இக்குறையை முற்றாக மறுக்க நாம் விரும்பவில்லை. ஆனால் அக்கொட்டகைகளில் கூட்டம் குறையவில்லை என்பதையும், பல சிறார்க்குப் புராணத்தின் முதல் அறிமுகம் அங்கேதான் கிடைத்தது என்பதையும் குறைகூறுவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.

தோட்டத்து மேடை

இனிச் சித்தியவானுக்குத் திரும்புவோம். 1903-இல் சீனாவின் பூச்சௌ பகுதியிலிருந்து கிறித்துவக் குடியேறிகள் வந்து காடு திருத்திய இவ்வட்டாரம், ரப்பர் விலையேற்றத்தோடு தோட்டப் பகுதியாக மாறியது. அதனோடு தமிழ்த் தொழிலாளரின் லயங்களும் கோயில்களும் எழுந்தன. தோட்டங்களில் நாடகம் என்பது திருவிழாவின் ஒரு பகுதி. திடலில் கம்பு நட்டுப் பலகை பரப்பி, அத்தாப்பு ஓலையோ தகரமோ வேய்ந்த மேடை. மறுநாள் விடியலில் பெரட்டுக்கு நிற்க வேண்டிய பார்வையாளர். மின்சாரம் எட்டாத காலத்தில் காற்றழுத்த விளக்கு.

இவ்விளக்கைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் வெண்ணொளி கடுமையானது. ஆனால் அதனை மெல்ல மங்கச் செய்ய இயலாது. அணைத்துவிட்டாலோ, மீண்டும் சாராவி ஊற்றிச் சூடேற்றிக் காற்றடித்து எழுப்பச் சில நிமிடங்கள் ஆகும். எனவே தோட்டத்து மேடையில் இருள் வேண்டுமெனில் விளக்கை அணைக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். அடி திறந்த ஒரு தகரப்பெட்டியைக் கயிற்றில் கட்டி விளக்கின்மீது இறக்கினால் இருள், தூக்கினால் ஒளி. வலைத்துணிக்கு முன் ஒரு விளக்கு, பின் ஒரு விளக்கு, இரண்டு தகரப்பெட்டிகள், ஒரு கப்பி. ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறுமாறு ஒரே கயிற்றில் பிணைத்துவிட்டால், ஒருவனே எமனை வரவழைத்து அனுப்பிவிடலாம். பெட்டி சூடேறும் என்பதால் நெடுநேரம் மூடிவைக்கக் கூடாது. மாயக் காட்சியின் நீளத்தை விளக்கே அளந்து கொடுத்துவிடும்.

தென்னார்க்காடு, வடார்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்தோர்க்கு இவ்வளவும் தேவைப்படவில்லை. தெருக்கூத்தில் இருவர் கையால் பிடிக்கும் சிறுதிரையின் பின்னே வேடக்காரர் நிற்பார். முதலில் குரல், பின்னர் முடியின் நுனி, பின்னர் சலங்கைக் கால், கடைசியில் திரை விலகும். ஆள் அங்கே நிற்பது எல்லார்க்கும் தெரியும். எனினும் திரை விலகும்போது உடல் சிலிர்க்கும். 1997-இல் 'லயன் கிங்' இசை நாடகத்தை இயக்கிய ஜூலி டெய்மோர், பாவைகளை இயக்குவோரை மறைக்காமல் மேடையிலேயே காட்டியபோது உலகம் அதைப் புதுமையென வியந்தது. நம் கூத்தர்கள் அவ்வியப்பைக் கேட்டிருந்தால் நகைத்திருப்பர்.

பறத்தலும் பாதுகாப்பும்

பள்ளி மேடையில் செய்யத்தகாதவற்றையும் கூறுவது நம் கடன். கம்பியில் பறத்தல் அவற்றுள் முதன்மையானது. 1904-இல் இலண்டனில் 'பீட்டர் பேன்' நாடகத்தில் சிறுவர் பறந்தது முதல் இக்கலை பெரிதும் வளர்ந்துள்ளது. ஊசலைப்போல் வீசி இயங்கும் கம்பி, எதிர்எடை, உடலைப் பிடிக்கும் கச்சு, ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பயின்ற கயிற்றாள் என அனைத்தும் வேண்டும். எல்லாம் இருந்தும் பிழை நேர்கின்றது. 2010 டிசம்பரில் நியூயார்க்கில், சிலந்தி மனிதன் கதையைக் கூறும் இசை நாடகத்தின் முன்னோட்டக் காட்சியில், பாதுகாப்புக் கயிறு உரியவாறு பொருத்தப்படாமையால் நடிகர் ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து படுகாயமுற்றார்.

நெருப்பு இதனினும் கொடியது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவாய் அரங்கில் 'மிஸ்டர் புளூபியர்ட்' என்னும் இசை நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, கரிவில் விளக்கின் பொறி மெல்லிய திரையில் பற்றியது. தீத்தடுப்புத் திரை முழுமையாக இறங்கவில்லை. 602 பேர் மாண்டனர். பெரும்பாலோர் விடுமுறைக்கு வந்திருந்த தாய்மாரும் சிறாரும். நுண்கண் துணி, தொங்கு திரை, ஓலைக் கூரை ஆகியவற்றினிடையே குங்கிலியப் பொடி வீசிய நம் முன்னோர் அருகே நீர்த்தொட்டியும் நனைந்த சாக்கும் வைத்துக்கொண்டனர் எனினும், இன்று அதனைப் பின்பற்ற வேண்டுவதில்லை. ஒளிப்படக் கருவியின் மின்னல் விளக்குகள் இரண்டைப் பார்வையாளரை நோக்கி ஒருங்கே எரியச் செய்தால், கண்ணில் அதே விளைவு கிட்டும். கண்ணோய், வலிப்பு உடையோர் அவையில் இருக்கக்கூடும் என்பதால் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்; முன்கூட்டியே அறிவித்தலும் நன்று.

பதியப்படாத கை

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின் லயத்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். திருவிழா மேடைகளில் இன்று ஒலிபெருக்கியும் நிறவிளக்கும் உள. பாடினோர் பெயர் சிலவேனும் நினைவில் நிற்கும். திரை கட்டினோர், வலைத்துணிக்குச் சாயம் பூசினோர், தகரப்பெட்டியை இறக்கினோர் பெயர்கள் விளம்பரத்தாளில் இடம்பெற்றதே இல்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரிடம் தாத்தா பாட்டியின் நாடக நினைவுகளைக் கேட்டு எழுதிவரச் சொல்வது வழக்கமாகியுள்ளது, வரவேற்கத்தக்க பணி. ஆயின் அவ்வினாத்தாள்களில் 'எந்த நாடகம், யார் நடித்தார், என்ன பாட்டு' என்பவையே காணப்படுகின்றன. அவற்றோடு வேறு சிலவற்றையும் சேர்க்க வேண்டுகின்றோம். திரை எங்கிருந்து வந்தது? வாடகைக்கா, சேலைகளைத் தைத்தா? மேடையில் எத்தனை விளக்குகள், அவை எங்கே தொங்கின? எமன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தான்? அப்போது யார் பாடிக்கொண்டிருந்தார்?

வினா எழுப்பிய ஆசிரியருக்கு நாம் தந்த விடையும் இவ்வகையினதே. பள்ளி மண்டபத்தில் கருந்துணியும் எட்டு கெசம் கொசுவலையும் இரண்டு விளக்குகளும் போதும் என்றோம். எமனாக நடிக்கும் மாணவனை வலைத்துணிக்குப் பின்னே நிறுத்தி, முதல் அடியை இருளிலேயே பாடச் செய்து, இரண்டாம் அடி எழும்போது பின்விளக்கை ஏற்றுமாறு கூறினோம். மறையும் கணத்தில் மட்டும் எமன் பாடக்கூடாது. பாட வேண்டியவள் சாவித்திரி. அவையோர் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் போய்விட வேண்டும்.